சல்போனிக் அமிலம் ஏற்றிய எஸ்பிஏ-15: மறுபயன்பாட்டில் வேகம் குறைகிறது, உதவுங்கள்

வணக்கம். சென்னையில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். பஜ்ஜிக் கடைகளில் பொரித்து மீந்த எண்ணெயிலிருந்து பயோடீசல் தயாரிப்பதுதான் என் புராஜெக்ட். அந்த எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் அதிகம், நேராகக் காரம் சேர்த்தால் சோப்பாகிவிடும். கந்தக அமிலம் சேர்த்தால் பிறகு நடுநிலையாக்கிக் கழுவ வேண்டும், கழிவுநீரும் சேரும். அதனால்தான் வடிகட்டியே பிரித்துவிடக்கூடிய திண்ம வினையூக்கி. 1998இல் அறிமுகமான, நுண்ணிய துளைகள் நிறைந்த எஸ்பிஏ-15 சிலிக்காவில் மெர்காப்டோபுரோப்பைல் சிலேன் என்ற கந்தகச் சேர்மத்தைப் பிணைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடால் ஆக்சிஜனேற்றி, சல்போனிக் அமிலமாக மாற்றினேன்.

புதுப் பொடி மெத்தனாலுடன் அருமையாக வேலை செய்கிறது. வடிகட்டி, கழுவி, உலர்த்தி மறுபடி போட்டால் வேகம் நன்றாகவே குறைகிறது. அமிலத் தொகுதிகள் கழன்று கரைசலுக்குப் போகின்றனவா, துளைகளை எண்ணெய் அடைக்கிறதா? பொடி பழுப்பாவதால் எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம். 550 டிகிரியில் சுட்டு எண்ணெயை எரிக்கலாமென்றால் சல்போனிக் தொகுதியும் சேர்ந்தே போய்விடும்.

அடுத்து, வினை நடக்கும்போதே சூடாக வடிகட்டி, வடிநீரில் வினை தொடர்கிறதா என்று பார்க்கப் போகிறேன்; தொடர்ந்தால் அமிலம் கழன்று கரைசலுக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் பயன்படுத்திய பொடியை உப்புக் கரைசலில் ஊறவைத்து அதில் மீந்திருக்கும் அமில அளவைத் தரம்பார்க்கும் (டைட்ரேஷன்) எண்ணமும் உண்டு.

கழுவ ஹெக்சேன் மட்டும் போதுமா, பிறகு மெத்தனாலும் வேண்டுமா? துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பார்க்க, சென்னையில் மாணவர் கட்டணத்தில் நைட்ரஜன் உறிஞ்சல் அளவீடு எங்கே சீக்கிரம் கிடைக்கும்? இதே பொருளில் வேலை செய்த அண்ணன்கள், அக்காக்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.