வண்டில பேட்டரி மானிட்டர் ராத்திரி பூரா 100% காட்டுது, விடியறதுக்குள்ள பிரிட்ஜ் நின்னுடுது. அவசரம்!

டொங்காட்காரன்
வணக்கம். ஹைலக்ஸ் பக்கி (பிக்கப் வண்டி), பின்னாடி கேனோப்பிக்குள்ள (மூடின கூண்டு) ரெண்டாவது பேட்டரி 100 ஆம்ப்-அவர். ஷண்ட் மானிட்டர் (பேட்டரில ஏறி இறங்குற கரண்டை எண்ணுற கருவி) புதுசு. போன்ல பார்த்தா ராத்திரி முழுக்க 100%தான். ஆனா விடியக்காலைல பிரிட்ஜ் சிவப்பு லைட் போட்டு நின்னுடுது. பேட்டரி போச்சா, மானிட்டர் போச்சா? வெள்ளிக்கிழமை தென்னாப்பிரிக்காவுல இருந்து சானி பாஸ் மலைச்சாலை ஏறி லெசோத்தோ போகணும். சீக்கிரம் சொல்லுங்க.

மலைப்பாதை
பேட்டரி ஏஜிஎம்மா (மூடின லெட்-ஆசிட் ரகம்), லித்தியமா? ஆல்டர்னேட்டர்ல (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தர்றது) இருந்து சார்ஜ் வர்றது ரிலே (தானா சேர்ந்து பிரியற சுவிட்ச்) வழியாவா, டிசி-டிசி சார்ஜர் வழியாவா? சோலார் உண்டா? முக்கியமா, பிரிட்ஜ் கம்ப்ரஸர் ஓடுற நேரத்துல மானிட்டர்ல ஆம்ப்ஸ் எவ்வளவு காட்டுது? இது தெரியாம எதுவும் சொல்ல முடியாது.

பீனிக்ஸ்_ஏஜிஎம்
ஆல்டர்னேட்டரைப் பாருங்க. புது டீசல் வண்டி பலதுல வோல்ட்டேஜ கணினிதான் ஏத்தி இறக்குது. ஹைவேல 12.6க்கு இறங்கிடும். ரிலே 13.3ல சேர்ந்து 12.8ல பிரியற ரகமா இருந்தா, டர்பன்ல இருந்து அண்டர்பெர்க் வரைக்கும் ஓட்டினாலும் பின்னாடி பேட்டரிக்கு ஒண்ணும் ஏறாது.

வோல்ட்மாமா
தம்பி, ஷண்ட் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்காமலே வாங்கி மாட்டிடறீங்க, அப்புறம் பேட்டரியைக் குறை சொல்றீங்க. அது பேட்டரிக்குள்ள எட்டிப் பார்க்கிற கருவி இல்ல. 500 ஆம்ப்புக்கு 50 மில்லிவோல்ட் ஷண்ட்டுன்னா ஒரு ஆம்ப்புக்கு 0.1 மில்லிவோல்ட். அந்தச் சின்ன வோல்ட்டேஜ் வித்தியாசத்தை அளந்து, உள்ள போனது வெளிய வந்தது கணக்கு வைக்குது, அவ்வளவுதான். தன் வழியா போகாத கரண்ட் அதுக்குத் தெரியாது. செட்டிங்ஸ் தொட்டே இருக்க மாட்டீங்க. விக்ட்ரான் மானிட்டர்ல 'சார்ஜ்டு வோல்ட்டேஜ்' (நிறைஞ்சதுன்னு எடுத்துக்கற வோல்ட்டேஜ்) கம்பெனில இருந்து 13.2ன்னு வரும். லித்தியம் பாதி நிறைஞ்சு சார்ஜ் ஏறும்போதே அதைத் தாண்டிடும். சாயங்கால வெயில்ல சோலார் 2 ஆம்ப் தள்ளினாலே மானிட்டர் 'நிறைஞ்சிடுச்சு'ன்னு 100%க்குத் தாவிடும்.

டொங்காட்காரன்
லித்தியம். டிசி-டிசி 25 ஆம்ப். சோலார் 120 வாட். பிரிட்ஜ் ஓடும்போது 0.0தான் காட்டுது.

மலைப்பாதை
அந்த 0.0தான் விஷயம். கம்ப்ரஸர் ஓடினா 3ல இருந்து 5 ஆம்ப் இழுக்கணும். பூஜ்யம் காட்டினா பிரிட்ஜோட நெகட்டிவ் ஷண்ட்டைச் சுத்திப் போகுதுன்னு அர்த்தம். சார்ஜர் நெகட்டிவ் ஷண்ட் வழியா இருக்கிறதால ஏறுறது மட்டும் கணக்குல வருது, இறங்குறது வரல. அதான் 100லேயே நிக்குது.

பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்ல ஒரே ஒரு கேபிள்தான் இருக்கணும்: ஷண்ட்டோட பேட்டரி பக்கம் போறது. பிரிட்ஜ், லைட், டிசி-டிசி, சோலார் கண்ட்ரோலர், சேஸிஸ் எர்த் எல்லாம் ஷண்ட்டோட லோட் பக்கம். கை வைக்கறதுக்கு முன்னாடி சோலார் பேனலை கண்ட்ரோலர்ல இருந்து கழட்டுங்க, அடுத்து பாசிட்டிவ் ஃபியூஸ், கடைசியா நெகட்டிவ்.

மாத்தினதும் மத்த எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டிப் பாருங்க. மைனஸ் 4.5 பக்கம் காட்டணும். பிளஸ் காட்டினா ஷண்ட் தலைகீழா மாட்டியிருக்கு.

செட்டிங்: கொள்ளளவு 100, சார்ஜ்டு வோல்ட்டேஜ் 14.0, டெயில் கரண்ட் (நிறையும்போது குறைஞ்சு வர்ற கரண்ட்) 4%, பியூக்கர்ட் (வேகமா இழுத்தா கொள்ளளவு குறையற கணக்கு) 1.05, சார்ஜ் எஃபிஷியன்ஸி 99%.

பீனிக்ஸ்_ஏஜிஎம்
மானிட்டர் பொய் சொன்னது சரி, பிரிட்ஜ் ஏன் நின்னது? 50 லிட்டர் பிரிட்ஜ் சராசரி ஒன்றரை ஆம்ப்தான். நிறைஞ்ச 100 ஆம்ப்-அவர் லித்தியம் ரெண்டு நாள் தாங்கும். ஒரே ராத்திரியில காலியாகுதுன்னா அது நிறையவே இல்ல. மறுபடியும் ஆல்டர்னேட்டர்தான். டிசி-டிசிக்கு இக்னிஷன் வயர் கொடுத்திருக்காங்களா? சில மாடல்ல நீல வயர். அது இல்லைன்னா இன்புட் 12.6ஐப் பார்த்து இன்ஜின் ஆஃப்னு நினைச்சுத் தூங்கிடும்.

வோல்ட்மாமா
கேபிளையும் பாருங்க. 25 ஆம்ப் வெளிய கொடுக்க 32 ஆம்ப்பாவது உள்ள இழுக்கும். போனட்ல இருந்து கேனோப்பிக்கு 6 மீட்டர், போக வர 12. 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) கேபிள்ல 1.1 வோல்ட் வழியிலேயே போயிடும். 16 ஸ்கொயர்ல 0.4. பேட்டரிகிட்டயே, 30 சென்டிமீட்டருக்குள்ள ஃபியூஸ். பாதிப்பேர் சேஸிஸை நெகட்டிவா நம்பி, பெயிண்ட் மேலேயே போல்ட் போடறாங்க. அது தப்பு.

பீனிக்ஸ்_ஏஜிஎம்
ஜூலைல, இங்க குளிர்காலத்துல, சானி உச்சிக்கு லித்தியம் கொண்டு போறதே தப்பு. 2,870 மீட்டருக்கு மேல, ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ போகும். லித்தியத்தை 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் பண்ணினா உள்ள லித்தியம் உலோகமா படிஞ்சு செல் கெட்டுடும். ஏஜிஎம்முக்கு அந்தப் பயமே இல்ல.

வோல்ட்மாமா
ஏஜிஎம்முன்னா முப்பது கிலோ தூக்கிட்டுப் போய் அதுல பாதியைத்தான் செலவு பண்ணலாம். 12.2க்குக் கீழ தினம் இறக்கினா ஆயுசு குறையும். லித்தியம் 12 கிலோ. குளிர்ல டிஸ்சார்ஜ் தடையில்லாம நடக்கும். சார்ஜைத்தான் பிஎம்எஸ் (பேட்டரிக்குள்ள இருக்கிற பாதுகாப்புச் சர்க்யூட்) தடுக்கும்.

பீனிக்ஸ்_ஏஜிஎம்
மலிவு லித்தியத்துல அந்தக் குளிர்த் தடுப்பே இருக்காது. டேட்டாஷீட்டைப் பார்க்காம வாங்குறவங்கதான் நிறைய.

மலைப்பாதை
டொங்காட்காரனுக்கு வேண்டியது இது: விடியக்காலை இன்ஜின் போட்டு ஓட்டும்போது சார்ஜ் 0 ஆம்ப் காட்டினா உடனே வயரைக் கழட்ட வேண்டாம். கேனோப்பி சூடாகட்டும். தடுப்பு இல்லாத பேட்டரின்னா டிசி-டிசிக்கு ஒரு சுவிட்ச் போட்டு, 5 டிகிரி தாண்டினதும் ஆன் பண்ணுங்க.

டொங்காட்காரன்
பிரிட்ஜ் நெகட்டிவ் நேரா பேட்டரி போஸ்ட்ல இருந்தது. மாத்தியாச்சு, இப்ப -4.1 காட்டுது. இக்னிஷன் வயரும் டேப் சுத்தி அப்படியே விட்டிருக்காங்க. கொடுத்தேன், 24 ஆம்ப் ஏறுது. நன்றி அண்ணே.

மலைப்பாதை
நல்லது. கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுச் சார்ஜர்ல 14.2 தாண்டி, கரண்ட் 4 ஆம்ப்புக்குக் கீழ வர்ற வரைக்கும் நிறைச்சுடுங்க. அங்கதான் மானிட்டர் சரியான 100ஐப் பிடிக்கும். பேட்டரி குளிர்த் தடுப்பு உள்ளதா இல்லையா, அதைச் சொல்லலையே?

கோசிபே_பயணி
எனக்கும் இதே ஷண்ட். முன் பேட்டரி (இன்ஜின் ஸ்டார்ட் பண்றது) வோல்ட்டேஜும் பார்க்கணும், டெம்பரேச்சரும் பார்க்கணும். ரெண்டும் முடியுமா?

வோல்ட்மாமா
முடியாது. ஆக்ஸ் (கூடுதல்) இன்புட் ஒண்ணுதான். முன் பேட்டரி, மிட்பாயிண்ட் (தொடரா மாட்டின பேட்டரிகளோட நடு வோல்ட்டேஜ்), டெம்பரேச்சர், மூணுல ஒண்ணு. லெசோத்தோவுக்குன்னா டெம்பரேச்சர். கடற்கரைக்குன்னா முன் பேட்டரி. அந்த வயருக்கும் ஃபியூஸ் போடுங்க.