லியோ ஃபெண்டருக்குச் சூட்டும் மாலையில் பாதி, பால் பிக்ஸ்பிக்கு உரியது

கட்டைவிரல்:
ஃபெண்டர் நிறுவனத்தின் புகழ்பெற்ற எலெக்ட்ரிக் கிட்டாரான ஸ்ட்ராட்டோகாஸ்டரின் அழகை வியந்து எழுதுகிறவர்கள் பலர் "எலெக்ட்ரிக் கிட்டாரைக் கண்டுபிடித்த லியோ ஃபெண்டர்" என்று எழுதிவிடுகிறார்கள். இது பிழை. கம்பியின் அதிர்வைக் காந்தத்தாலும் செப்புச் சுருளாலும் மின் அலையாக மாற்றும் பிக்-அப்பை ஜார்ஜ் பீச்சம் 1931-லேயே உருவாக்கிவிட்டார். அதைப் பொருத்திய, மடியில் கிடத்தி வாசிக்கும் அலுமினியக் கிட்டாரை அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து விற்பனைக்கும் கொண்டுவந்தார். 1940 வாக்கில் கிட்டார் கலைஞர் லெஸ் பால், நியூயார்க்கில் எபிஃபோன் தொழிற்சாலையில், நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டையில் கம்பி கட்டி வாசித்துப் பார்த்தார். 1948-இல் கலிஃபோர்னியாவின் டவுனியில் பால் பிக்ஸ்பி, கிட்டார் கலைஞர் மெர்ல் ட்ராவிஸ் கேட்டபடி மெல்லிய உடலும், கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ஆறு முறுக்காணிகளும் ஒரே பக்கத்தில் அமைந்த தலையும் கொண்ட ஒரு கிட்டாரைச் செய்து கொடுத்தார். அந்தத் தலையின் படத்தையும் 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் தலையின் படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வேறு சாட்சி தேவைப்படாது.

பழுதுக்கடை:
கட்டைவிரல் அவர்களே, நீங்கள் தந்த ஆண்டுகளில் எதையும் நான் மறுக்கவில்லை. லியோ கண்டுபிடித்தார் என்ற தொடரும் தவறுதான். ஆனால் தலையின் வடிவத்தை மட்டும் வைத்து ஒருவரின் வாழ்நாள் உழைப்பை அளப்பது சரியாகாது. ஒரே பக்கத்தில் ஆறு முறுக்காணிகள் என்ற அமைப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னாவில் ஷ்டாவ்ஃபர் செய்த கிட்டார்களிலேயே இருக்கிறது. லியோவும் தமக்கு அந்த எண்ணம் குரோவேஷிய இசைக்கருவிகளைப் பார்த்து வந்ததாகவே சொன்னார்.

நான் பல ஆண்டுகளாகக் கிட்டார் பழுது பார்த்துவருகிறேன். லியோவின் பெருமை எனக்குப் புரிவது திருப்புளியைக் கையில் எடுக்கும்போதுதான். கணக்கெழுதும் வேலை பறிபோனபின் 1938-இல் ஃபுல்லர்டன் ஊரில் அவர் திறந்தது ரேடியோ பழுதுபார்க்கும் கடை. எந்தப் பொருளும் ஒருநாள் கெட்டுப்போய்த் தன் மேசைக்கு வரும் என்று அறிந்த மனிதர் வடிவமைத்த கிட்டார் அது. கழுத்தை உடலோடு பசையால் ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பூட்டினார். கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்னும் உலோகக் கட்டைகள் தேய்ந்தாலோ கழுத்து வளைந்தாலோ அதை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். அவருடைய இன்னொரு கிட்டாரான டெலிகாஸ்டரில் சுவிட்சும் வால்யூம், டோன் குமிழ்களும் ஒரு சிறு உலோகத் தகட்டில் உட்கார்ந்திருக்கின்றன; இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் வயர்கள் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். ஸ்ட்ராட்டோகாஸ்டரிலோ மூன்று பிக்-அப்களும் சுவிட்சும் குமிழ்களும் முன்பலகையிலேயே தொங்குவதால், அதைத் தூக்கித் திருப்பினாலே ஏறத்தாழ மொத்த மின்பகுதியும் கைக்கு வந்துவிடுகிறது. கழுத்தை ஒட்டிச் செய்த கிட்டார் ஒன்று பழுதாகி வந்தால், ஆவி காட்டிப் பசையை இளக்கி, மரம் பிளக்காமல் பிரித்தெடுப்பதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. பிக்ஸ்பி செய்தவை ஒவ்வொன்றாக, கேட்டவருக்காகக் கையால் செய்த கலைப்பொருள்கள். அவற்றின் மேன்மையை வணங்குகிறேன். ஆனால் வாரக் கூலி வாங்கும் நடனக்கூட இசைக்கலைஞனின் கைக்கு எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுபோனது ஃபுல்லர்டன் பட்டறைதான்.

கட்டைவிரல்:
திருகாணியால் பூட்டிய கழுத்தும் புதிதன்று. ரிக்கன்பேக்கர் 1930-களில் பேக்கலைட்டில் செய்த ஸ்பானிஷ் கிட்டாரிலேயே அது இருக்கிறது. மேலும், பழுதுபார்ப்பவரின் தொலைநோக்கு என்கிறீர்கள். 1950-இல் வந்த லியோவின் முதல் எஸ்கொயர் கிட்டார்களின் கழுத்துக்குள், அது வளையாமல் தாங்கும் ட்ரஸ் ராட் என்னும் கம்பி கிடையாது. மேப்பிள் மரத்தின் உறுதியே போதும் என்று லியோ நம்பினார், கழுத்துகள் வளைந்தன, அதன்பிறகுதான் உள்ளே இரும்புக் கம்பி புகுந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடலை வரைந்தவர் ஃப்ரெடி டவாரெஸ். விலாவில் குத்தாதபடி விளிம்பைச் செதுக்கித் தரும்படி கேட்டவர்கள் பில் கார்சன், ரெக்ஸ் காலியன் போன்ற வாசிப்பாளர்கள். இத்தனை பேரின் உழைப்பும் ஒரே பெயருக்குள் மறைந்துபோவதுதான் என்னை வருத்துகிறது.

தாழ்சுருதி:
இருவரும் ஆறு கம்பியை விட்டு நகராததால் குறுக்கிடுகிறேன். லியோவின் ஆகப்பெரிய படைப்பு 1951-இல் வந்த ப்ரிஸிஷன் பேஸ் என்ற தாழ்சுருதி எலெக்ட்ரிக் கிட்டார் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை பேஸ் வாசித்தவர் ஆளுயரக் கருவியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். டிரம்ஸும் ஆம்ப் (மின் ஒலியைப் பெருக்கும் கருவி) வைத்த கிட்டாரும் முழங்கும்போது அவருடைய ஒலி யாருக்கும் கேட்கவில்லை. 34 அங்குல நீளத்தில் கம்பி கட்டி, ஃப்ரெட் பதித்து, தோளில் மாட்டும் கருவியாக லியோ அதை மாற்றினார். விரல் சரியான ஃப்ரெட்டில் விழுந்தால் சுருதியும் சரியாகவே விழும். "துல்லியம்" என்று பொருள்படும் அந்தப் பெயரின் காரணம் அதுதான். கட்டைவிரல் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: சியாட்டிலில் பால் டட்மார்க் 1930-களிலேயே ஃப்ரெட் வைத்த எலெக்ட்ரிக் பேஸ் செய்தார். அது பரவவில்லை. லியோ அந்தக் கருவியோடு நிற்காமல், அதன் தாழ்ந்த ஒலியைத் தாங்கும் பேஸ்மன் ஆம்பையும் அடுத்தே கொண்டுவந்தார். கருவி, ஆம்ப், ஒலிபெருக்கி மூன்றையும் ஒரே ஒலியின் பகுதிகளாகப் பார்த்த மனம் அது. பழுதுக்கடை சொன்ன ரேடியோ மனம் எனக்கு இங்கேதான் முழுமையாகத் தெரிகிறது.

பழுதுக்கடை:
ட்ரஸ் ராட் விஷயத்தில் கட்டைவிரல் சொல்வது முற்றிலும் சரி. அதை நான் குறிப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் டவாரெஸையும் கார்சனையும் நீங்கள் லியோவுக்கு எதிரான சாட்சிகளாக நிறுத்துகிறீர்கள். எனக்கோ அவர்கள் லியோவின் பக்கத்துச் சாட்சிகள். லியோவுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆகவே மாதிரிக் கருவிகளை வாசிப்பாளர்களிடம் கொடுத்தனுப்பி, அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டு மீண்டும் மீண்டும் மாற்றினார். 1965-இல் 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு நிறுவனத்தை சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனத்திடம் விற்றபிறகும் அவர் ஓயவில்லை. மியூசிக் மேன் நிறுவனத்துக்காகக் கருவிகளை வடிவமைத்தார். பிறகு தம் பழைய சகா ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு ஜி அண்ட் எல் என்ற கிட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். 1991-இல் இறக்கும் காலம்வரை பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். தாம் முன்பு செய்தவற்றைத் திருத்த இன்னும் இடமிருக்கிறது என்று எண்பது வயதிலும் நம்பியவரை மற்றவர் எண்ணங்களைத் தொகுத்தவர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

கட்டைவிரல்:
தொகுத்தவர் என்ற சொல்லை நான் பயன்படுத்தவில்லை. என் எழுத்தின் தொனி அப்படி ஒலித்திருந்தால் திருத்திக்கொள்கிறேன். பேஸ் பற்றித் தாழ்சுருதி சொன்னதையும் ஏற்கிறேன். தலையின் வடிவம் பற்றிய என் கருத்து மாறவில்லை. தம் பிக்ஸ்பி கிட்டாரை லியோவிடம் இரவல் கொடுத்ததாக ட்ராவிஸ் சொல்லிவந்ததை நான் எளிதில் ஒதுக்கிவிட மாட்டேன். ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் டவாரெஸின் பெயரையாவது ஒருமுறை எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பழுதுக்கடை:
அந்தக் கோரிக்கையில் இன்னும் சிலரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1950-களின் ஃபெண்டர் கிட்டார் ஒன்றில் நான்கு திருகாணிகளையும் கழற்றிக் கழுத்தை வெளியே எடுத்தால், அதன் அடிப்பகுதியில் பென்சிலால் தேதியும், பல கழுத்துகளில் அதை இழைத்தவரின் முதலெழுத்துகளும் எழுதியிருக்கும். டி.ஜி. என்றிருந்தால் அது டாடியோ கோமெஸ். பிக்-அப்களுக்குச் செப்புக் கம்பி சுற்றியவர்களில் அபிகெயில் இபாரா ஒருவர். 1956-இல் அந்த வேலைக்கு வந்தவர். ஒட்டிய கழுத்தாக இருந்திருந்தால் டாடியோ கோமெஸின் கையெழுத்து இன்றைக்கும் பசைக்குள்ளேயே கிடந்திருக்கும்.