அதே எண்ணுக்குத் திரும்பினாலும் ஃபோகஸ் வரவில்லை: மோட்டார் ஃபோகசர் சிக்கல்

இரவுக்கூகை:
வணக்கம். என்னுடையது 200 மி.மீ., எஃப்/5 நியூட்டோனியன் (கண்ணாடி வைத்த தொலைநோக்கி; எஃப்/5 என்றால் குவியத்தூரம் கண்ணாடியின் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு). ஃபோகஸ் குமிழைக் கையால் தொட்டாலே வியாழன் ஆட ஆரம்பித்துவிடும். அது அடங்குவதற்குள், முன்னால் பார்த்தது கூர்மையா இப்போது பார்ப்பது கூர்மையா என்பதே மறந்துபோகும். அதனால் கிரேஃபோர்டு ஃபோகசரின் (கேமரா மாட்டிய குழாயை உள்ளே வெளியே நகர்த்தும் பகுதி) பெரிய குமிழ் ஒன்றைக் கழற்றிவிட்டு 28பிஒய்ஜே-48 ஸ்டெப்பரை (சின்னச் சின்ன ஸ்டெப்பாகச் சுழலும் மோட்டார்) மாட்டினேன். மோட்டாரை ஓட்ட யூஎல்என்2003 போர்டு, நிரலுக்கு அர்டுயினோ நானோ. அரை ஸ்டெப் முறையில் சுற்றுக்கு சுமார் 4096 ஸ்டெப். ஒரு சுற்றுக்கு ஃபோகசர் குழாய் 20 மி.மீ. நகர்கிறது, அதாவது ஸ்டெப்புக்கு 5 மைக்ரான்.

கணக்கெல்லாம் சரி. கேமராவில் நட்சத்திரம் ஊசிமுனையாக இருக்கும்போது திரையில் ஸ்டெப் எண் 6240. வெளியே 500 ஸ்டெப் போய்விட்டு மறுபடி 6240-க்கு வந்தால், நடுவில் ஓட்டை விழுந்த வளையம்! நிரலை மூன்று முறை அழித்து எழுதிவிட்டேன். நேமா 17 (இதைவிடப் பெரிய ஸ்டெப்பர்) போட்டால் தீருமா?

பல்சக்கரம்:
நிரலை விடுங்கள், பாவம். நேமா 17-ஐ அந்தத் தண்டில் நேரடியாக மாட்டினால் சுற்றுக்கு 200 ஸ்டெப்தான். ஒரு ஸ்டெப்புக்கு 100 மைக்ரான். எஃப்/5-இல் கூர்மை நிற்கும் இடைவெளியே ஏறத்தாழ 67 மைக்ரான் (4.88 × அலைநீளம் × எஃப் எண்ணின் வர்க்கம். பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரான்). இருப்பதே மேல்.

திரையில் தெரியும் 6240 மோட்டார் எண்ணியது. குழாய் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. மோட்டாருக்குள் குட்டிப் பல்சக்கரங்கள் அடுக்காக இருக்கின்றன. பற்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி, அதாவது ஆட்டம், இருக்கும். திசை மாறும்போது அந்த ஆட்டம் தீர்ந்த பிறகுதான் தண்டு அசையும். மறுமுனைக் குமிழில் ஒரு பல்குச்சியை ஒட்டி, பின்னால் கிராஃப் தாள் வையுங்கள். திசையை மாற்றிப் பத்துப் பத்து ஸ்டெப்பாக விட்டு, குச்சி எப்போது அசைகிறது என்று எண்ணுங்கள்.

அப்புறம் கிரேஃபோர்டில் பல் கிடையாது, உராய்வுதான். ஃபோகசர் குழாயில், விளிம்புக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். குச்சி பழைய இடத்துக்கு வந்தும் கோடு வரவில்லை என்றால் குழாய் வழுக்குகிறது. அதற்காக இறுக்கும் திருகை முரட்டுத்தனமாக முடுக்கினால் மோட்டார் திணறி ஸ்டெப்பைத் தவறவிடும்.

மூன்றாம்பிறை:
எவ்வளவு ஆட்டம் இருந்தாலும், கடைசி நகர்வு எப்போதும் ஒரே திசையில் முடிந்தால் போதும். உள்ளே போக வேண்டுமா? கொஞ்சம் தாண்டிப் போய், வெளியே தள்ளி நிறுத்துங்கள். ஃபோகசர் மேல்நோக்கி இருக்கும்போது கேமராவின் எடையைத் தூக்கியபடி நிற்பதால் பற்கள் ஒருபக்கமாகவே அழுந்தியிருக்கும்.

இன்னொன்று. உங்கள் தொலைநோக்கியின் பெரிய குழாய் இரும்பா? ஒரு மீட்டர் இரும்பு, டிகிரிக்கு ஏறத்தாழ 12 மைக்ரான் சுருங்கும். 6 டிகிரி குளிர்ந்தால் 72 மைக்ரான். அந்த 67 போயே போச்சு. மாலை 7 மணி எண்ணை நள்ளிரவில் நம்பாதீர்கள்.

எண்ணை ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) சேமிக்கிறீர்கள் என்றால் மோட்டார் நின்ற பிறகு மட்டும் எழுதுங்கள். ஓர் இடத்தில் 1,00,000 முறை எழுதத்தான் உத்தரவாதம்.

இரவுக்கூகை:
பல்குச்சி மானத்தை வாங்கிவிட்டது. 80 ஸ்டெப் வரை சும்மா நின்றது! 400 மைக்ரான். டார்ச் அடித்துப் பார்த்தால், மோட்டாரையும் ஃபோகசரையும் இணைக்கும் கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத குட்டித் திருகு) மோட்டார் தண்டின் தட்டையான பக்கத்தில் உட்காராமல் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தது. சரிசெய்ததும் 35. அது மோட்டாருக்குள் இருப்பது, ஒன்றும் செய்வதற்கில்லை.

120 ஸ்டெப் தாண்டிப் போய்த் திரும்பும்படி நிரலில் நான்கு வரி சேர்த்தேன். பத்து முறை போய் வந்தேன். பத்து முறையும் பென்சில் கோடு விளிம்பில் வந்து நின்றது, நட்சத்திரமும் புள்ளிதான். ஈஈப்ராமில் நான் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் எழுதிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன்.

வெப்பமானி அடுத்த வாரம். பல்குச்சியை இன்னும் பிய்க்கவில்லை, இருக்கட்டும்.