திராவிட் வெற்றிகரமான பயிற்சியாளரா? 10 ஜெயித்தாலும் அந்த 1 போதும்

நைட்வாட்ச்மேன்:
இந்திய கிரிக்கெட் அணியின் பயிற்சியாளராக இருந்த திராவிட் பற்றி நேற்று இங்கே ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்: "2023 உலகக்கோப்பையில் தொடர்ந்து 10 ஆட்டம் ஜெயித்ததே திராவிட்டின் வெற்றி, கோப்பை என்பது அதிர்ஷ்டம்." படித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. ஆஸ்திரேலியாவிடம் தோற்ற அகமதாபாத் இறுதி ஆட்டத்தில் நமக்கு 10 ஓவரில் 80 ரன். அப்புறம் 97 பந்துக்கு ஒரு பவுண்டரி கிடையாது. கே.எல். ராகுல் 107 பந்து ஆடி அடித்தது ஒரே ஒரு ஃபோர். ஒன்று! இதுதான் வெற்றியா?

கவர்டிரைவ்_குமார்:
அந்தப் புண்ணியவான் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 81க்கு 3 விக்கெட் போன பிறகு உள்ளே வந்தவர் வேறு எப்படி ஆடுவார்? 2016 அண்டர்-19 (19 வயதுக்குட்பட்டோர்) உலகக்கோப்பை இறுதியில் பயிற்சியாளராகத் தோற்ற மனுஷன் திராவிட், அதற்கப்புறம் ஒரு பையன் ஒருமுறைதான் அந்த உலகக்கோப்பை ஆடலாம் என்று நின்றார். கோப்பைதான் குறி என்றால் பழகிய பையன்களையே திரும்ப இறக்கியிருக்கலாமே? புதுப் பையன்களை வைத்து 2018-ல் ஜெயித்தும் காட்டினார். அதற்குப் பரிசுப் பணம் தனக்கு 50 லட்சம், உதவியாளர்களுக்கு 20 லட்சம் என்றதும் ஒப்புக்கொள்ளாமல் எல்லோருக்கும் 25 லட்சம் ஆக்கினார். இதையெல்லாம் ஸ்கோர்போர்டில் தேடினால் கிடைக்காது.

நைட்வாட்ச்மேன்:
நல்ல மனுஷன், யார் இல்லை என்றது? 107 பந்து, ஒரு ஃபோர். அதற்குப் பதில் எங்கே?

மெரினா_மணி:
பயிற்சியாளர் என்றால் நம்ம சென்னை சூப்பர் கிங்ஸின் ஃப்ளெமிங். 5 ஐபிஎல் கோப்பை. பேச்சே வேண்டாம்.

நைட்வாட்ச்மேன்:
2025-ல் கடைசி இடம், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் மணி. 2024-லும் ப்ளே-ஆஃப் கிடையாது.

மெரினா_மணி:
2024-ல் பெங்களூருவில் தோற்றாலும் 201 எடுத்திருந்தால் ப்ளே-ஆஃப் உள்ளே போயிருப்போம், எடுத்தது 191. பத்து ரன்னுக்கு ஒரு மனுஷனைத் தோற்றவன் என்பீர்களா? அதே 2025-ல் ராஜஸ்தானுக்குப் பயிற்சியாளராக இருந்து 9-ஆவது இடத்தில் விட்டுப்போனது யார், உங்கள் நல்ல மனுஷன் திராவிட்தானே?

கவர்டிரைவ்_குமார்:
ஐபிஎல்லை எதற்கு இழுக்கிறீர்கள்? 2024 ஜூன் 29, பார்படாஸ், டி20 உலகக்கோப்பை இறுதி. கோப்பை வேண்டும் என்றீர்கள், வந்துவிட்டது. இன்னும் என்ன வேண்டும்?

நைட்வாட்ச்மேன்:
ஆஹா. தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் தேவை, கிளாசன் நிற்கிறார். அங்கிருந்து மீட்டது பும்ராவும் ஹர்திக்கும், எல்லைக்கோட்டில் சூரியகுமார் பிடித்த கேட்ச்சும். 2023-ல் தோற்றது அதிர்ஷ்டம், 2024-ல் ஜெயித்தது பயிற்சியா? உங்கள் தராசு உங்கள் வசதிக்குத்தான் சாய்கிறது.

கவர்டிரைவ்_குமார்:
உங்கள் தராசு மட்டும் என்னவாம்? தோற்றால் திராவிட், ஜெயித்தால் பும்ரா. போன வருஷம் திராவிட்டுக்கு முந்தைய பயிற்சியாளர் சாஸ்திரி பற்றிய சண்டையில் மூக்குடைபட்டதை இன்னும் மறக்கவில்லை போல.

நைட்வாட்ச்மேன்:
மூக்குடைபட்டது யார் என்று பழைய பதிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவில் இரண்டு முறை டெஸ்ட் தொடர் ஜெயித்தபோது நம் பயிற்சியாளர் யார், சாஸ்திரிதானே? கே.எல். ராகுலும் திராவிட்டும் இருவருமே கர்நாடகம், அந்த ஊர்ப் பாசத்தில்தான் அந்த 107 பந்தைத் தொட மாட்டீர்கள்.

ஸ்டம்ப்மைக்:
நான் சென்னைக்காரன்தான், இருந்தும் சொல்கிறேன், ஊர்ப் பேச்சு அசிங்கம். முதலில் வெற்றி என்றால் எது என்று யாராவது சொல்லிவிட்டுச் சண்டை போடலாமே?

நைட்வாட்ச்மேன்:
நடுவர் வந்துவிட்டார். அகமதாபாத்தில் அதே பிட்ச்சில் ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட் 137, அதில் 15 ஃபோர், 4 சிக்ஸ். நம்மவர் ஒன்று.

கவர்டிரைவ்_குமார்:
ராத்திரி பனி இறங்கிய பிறகு அடித்தது அது. பனியில் பந்து வழுக்கும் என்பதாவது தெரியுமா?

நைட்வாட்ச்மேன்:
பனி வரும் என்று பயிற்சியாளருக்குத் தெரியாதா? ஒரு ஃபோர், குமார். ஒன்று.

மெரினா_மணி:
அந்த 201 விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.