பாப்பா கேமரா அடிக்கடி உறைந்து நிற்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். பாப்பாவுக்கு மூன்று மாதம். தொட்டில் பக்கம் ஒரு வைஃபை கேமரா மாட்டி, ஹாலில் இருந்து போனில் பார்த்துக்கொள்கிறோம். ஐரோப்பாவில் நடக்கும் ஃபார்முலா 1 பந்தயங்கள் பெரும்பாலும் ஞாயிறு மாலை 6.30க்குத் தொடங்கும், அவள் கண் அயர்வதும் அப்போதுதான், அதனால் டிவி சத்தத்தை அடைத்துவிட்டு ப்ளூடூத் ஹெட்போனில் கேட்பேன் (கோவைக்காரி நான், இங்குள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்துக்கு அப்பா கூட்டிப்போய்க் காட்டிய நாளிலிருந்து இந்தப் பிரியம் விடவில்லை). ஹெட்போன் போட்டால் கேமரா தடுமாறுகிறது, மைக்ரோவேவ் ஓடினால் அடியோடு போய்விடுகிறது. மூன்றுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதால் மோதிக்கொள்கின்றன என்று நினைக்கிறேன்.

போன வாரம் போனில் பாப்பா அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏதோ தோன்றி உள்ளே போனால், ஒரு காலுறை கழன்று கிடக்க, முகமெல்லாம் சிவந்து அழுதுகொண்டிருக்கிறாள். போனில் இருந்தது பழைய படம். இன்னும் மனசு ஆறவில்லை.

டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டேன், கேமராவில் அந்த வசதி இல்லை. ரூட்டரில் சேனலை 1, 6, 11 என்று மாற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? இல்லை, வைஃபையே வேண்டாம், தனித் திரையோடு வரும் குழந்தை மானிட்டர்தான் நல்லதா? படம் நின்றால் உடனே ஒலி எழுப்பும் மாடல் எதையாவது பயன்படுத்தியிருந்தால் சொல்லுங்கள், அடுத்த ஞாயிறுக்குள் வாங்கிவிடுகிறேன்.