பெரியவள் வாங்கிய பழைய தோல் பை: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

சனிக்கிழமை

அக்கா: (படம்)
(படம்)

அக்கா: இங்கே நியூ ஜெர்சியில் பழைய பொருள் விற்கும் ஒரு த்ரிஃப்ட் கடையில் கிடைத்தது. கோச் கம்பெனி பை, 18 டாலர்தான். உள்ளே தோலிலேயே முத்திரை குத்தியிருக்கிறது, நியூயார்க் நகரில் செய்தது என்று. தையல் எல்லாம் அநேகமாக உறுதியாக இருக்கிறது. ஆனால் தோல் விறைத்துப் போயிருக்கிறது. சிகரெட் நாற்றம் வேறு.

அம்மா: யாரோ வைத்திருந்த பையை எதற்கடி வாங்கினாய்? சரி, வாங்கியாயிற்று. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் வை. பளபளவென்று ஆகிவிடும்.

மாமா: எண்ணெயும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். நான் சொல்லும்வரை அதில் எதையும் தடவாதே பெரியவளே.

சித்தி: ராணிப்பேட்டை தோல் ஆலை ஃபினிஷிங் மாஸ்டர் வந்துவிட்டார். இனி அண்ணா சொல்கிறபடி செய்.

மாமா: முதலில் இரண்டு விஷயம் பார்த்துச் சொல். பையின் அடியில், வெளியே தெரியாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. சொட்டு உருண்டு மேலேயே நிற்கிறதா, இல்லை உள்ளே இறங்கி அந்த இடம் கருக்கிறதா? அடுத்தது, உள்ளே துணி வைத்துத் தைத்திருக்கிறதா, வெறும் தோலா?

அக்கா: உள்ளே துணி இல்லை மாமா. தோலின் பின்பக்கம்தான், சொரசொரவென்று இருக்கிறது. சொட்டு கொஞ்ச நேரத்தில் உள்ளே போய்விட்டது. அந்த இடம் கருப்பாகத் தெரிகிறது.

மாமா: நல்லது. அது காய்ந்ததும் போய்விடும், பயப்படாதே. தண்ணீர் இறங்குகிறது என்றால் மேலே கெட்டியான நிறப்பூச்சு இல்லை, சாயம் மட்டும் ஏற்றிய தோல். எங்கள் தொழிலில் அனிலின் தோல் என்போம். சொட்டு மேலேயே நின்றிருந்தால் பூச்சுப் போட்ட தோல். அதை ஈரத்துணியால் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. நீ என்ன க்ரீம் வாங்கித் தடவினாலும் அதில் பூச்சைத் தாண்டி உள்ளே அதிகம் போகாது. உன்னுடையது எதைப் போட்டாலும் குடிக்கும். அதனால்தான் எதைப் போடுகிறோம் என்பதில் இவ்வளவு கவனம் வேண்டும்.

அம்மா: அண்ணா, நம் வீட்டில் அப்பாவின் செருப்புக்கெல்லாம் எண்ணெய்தானே போடுவோம்?

மாமா: செருப்பு வேறு அம்மா. கருத்தாலும் பரவாயில்லை, தண்ணீர் ஏறாமல் இருந்தால் போதும். இவள் பை கருத்துப்போனால் நிறம் திரும்பாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நம் ஊரில் மார்கழியில் பாட்டிலுக்குள் உறைவதைப் பார்த்திருப்பாய். நியூ ஜெர்சிக் குளிருக்குப் பையின் மேலேயே வெள்ளையாகப் பூத்து நிற்கும். நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாம் நாளானால் சிக்கு நாற்றம் அடிக்கும்.

மாமா: தோலுக்கு எண்ணெய் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை உள்ளே கொண்டுபோகும் முறை வேறு. நாங்கள் எண்ணெயைத் தண்ணீரில் பால்போல் கலக்கி, சுற்றும் ட்ரம்மில் தோலோடு மணிக்கணக்கில் ஓட விடுவோம். ஃபேட் லிக்கர் என்று பெயர். அப்போதுதான் ஒவ்வொரு நாருக்கும் நடுவே போய் உட்காரும். தோல் வளைவதும் மென்மையாக இருப்பதும் அதனால்தான். மேலே கையால் தடவுகிற எண்ணெய் அப்படிச் சீராக இறங்காது, திட்டுத் திட்டாக நிற்கும், தூசியைப் பிடிக்கும்.

அக்கா: இங்கே இந்தப் பைகளைச் சேகரிக்கிறவர்கள் பையை முழுசாகத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். பார்க்கவே பயமாக இருக்கிறது. செய்யலாமா?

சித்தி: தோலைத் தண்ணீரில் முக்குவதா!

மாமா: சித்தி பயப்படுவது நியாயம்தான். ஆனால் யோசித்துப் பார். தோல் ஷாப்புக்குள், அதாவது பதனிடும் ஆலைக்குள், வந்த நாளிலிருந்து ஊறவைக்க, சுண்ணாம்பில் போட, பதனிட, சாயம் ஏற்ற எல்லாம் தண்ணீரில்தான். தண்ணீர் தோலைக் கெடுப்பதில்லை. அவசரப்பட்டுக் காய வைப்பதுதான் கெடுக்கும். உள்துணி இல்லை, அட்டை வைத்துத் தைக்கவில்லை, இரண்டு நிறத் தோல் சேர்க்கவில்லை என்றால் முக்கலாம். உன் பை அந்த மாதிரிதான். மெல்லிய ரோமம்போல் இருக்கும் ஸ்வேட் பையையோ, உள்துணி உள்ள பையையோ முக்காதே.

நான்: மாமா, இந்தக் கோச் கம்பெனி 1941ல் மன்ஹாட்டனில் ஆரம்பித்ததாம். பேஸ்பால் கையுறை பழகப் பழக மென்மையாவதைப் பார்த்துத்தான் மைல்ஸ் கான் என்பவர் இந்த மாதிரித் தோலை உருவாக்கினாராம். அக்கா பையில் இருக்கும் திருகுப் பூட்டு 1962ல் வேலைக்குச் சேர்ந்த பானி காஷின் கொண்டுவந்தது. அவருடைய காரின் மடக்குக் கூரையில் இருந்த பூட்டைப் பார்த்துச் செய்ததாம்.

மாமா: பார்த்தாயா, கையுறைத் தோல் என்றால் கையில் வைத்திருக்க வைத்திருக்க இளகும். அந்தப் பை மறுபடி பழகும், கவலைப்படாதே. பூட்டு என்ன நிறத்தில் இருக்கிறது?

அக்கா: பித்தளை, கருத்துப் போயிருக்கிறது. ஓரங்களில் பச்சையாக.

அம்மா: புளி போட்டுத் தேய். குத்துவிளக்குக்குச் செய்கிற மாதிரி.

மாமா: புளி விளக்குக்கு நல்லது. அதன் புளிப்புச் சாறு தோலில் பட்டால் கறை விழும். பித்தளை பாலிஷைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தேய்க்கட்டும். பூட்டைச் சுற்றித் தோலைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக்கொள். தண்ணீரில் முக்குவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடு. எங்காவது பாலிஷ் பட்டிருந்தாலும் அலசும்போது போய்விடும். ஒன்று, மேல்முலாம் மட்டும் பூசிய பூட்டாக இருந்தால் பாலிஷ் முலாமையே எடுத்துவிடும். உன்னுடையது கெட்டிப் பித்தளை போலத் தெரிகிறது, ஆனாலும் பின்பக்கத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு இறங்கு.

மாமா: இன்னொரு முக்கியமான விஷயம். இரும்பு நார் வேண்டவே வேண்டாம். ஈரத் தோலில் இரும்புக் கிளிப்பும் போடாதே. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை. அந்தக் காலத்தில் எழுதின மையே அப்படித்தான் செய்தார்கள். மரப்பட்டை, கடுக்காயில் பதனிட்ட தோலில் ஈரத்தோடு இரும்பு பட்டால் அந்த இடத்தில் நீலக்கருப்புப் புள்ளி விழும். அது எளிதில் போகாது.

நான்: அது கடுக்காயில் பதனிட்டதா, குரோம் உப்பில் பதனிட்டதா என்று எப்படித் தெரியும் மாமா?

மாமா: வெட்டு வாயைப் பார்க்க வேண்டும். குரோம் தோல் என்றால் நடுவில் நீலச்சாம்பல் நிறம் தெரியும். ட்ரம்மிலிருந்து எடுக்கும்போதே நீலமாகத்தான் இருக்கும், வெட் ப்ளூ என்று அதற்குப் பெயரே இருக்கிறது. பட்டையில் பதனிட்டது பழுப்பு. நம் பக்கம் முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போன தோல் அது, ஈ.ஐ. தோல், அதாவது ஈஸ்ட் இந்தியா தோல், என்று இன்றும் பெயர். ஆனால் உன் அக்கா பையைப் போல ஊடே சாயம் ஏறியதில் வெட்டு வாயிலும் சாயம்தான் தெரியும். அதனால் எதுவாக இருந்தாலும் இரும்பைத் தள்ளி வைப்போம்.

அக்கா: சரி மாமா. சோப்பு?

மாமா: பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, மென்மையானது, ஒரு பக்கெட் வெதுவெதுப்பான தண்ணீருக்குக் கொஞ்சம் போதும். துணி சோப்பு, பாத்திரம் தேய்க்கும் பார், சமையல் சோடா எதுவும் வேண்டாம். அவை காரம். தோல் இயல்பாகவே அமிலப் பக்கம் இருப்பது, பி.எச். 4 வாக்கில். காரம் ஏறினால் சாயமும் எண்ணெயும் வெளியே வரும், காய்ந்ததும் வறண்டு வெடிக்கும். சுடுதண்ணீரும் கூடாது, தோல் சுருங்கிவிடும். மென்மையான துணியால் எல்லா இடமும் ஒரே மாதிரித் தேய். ஓர் இடத்தை மட்டும் நனைத்தால் ஓரத்தில் கோடு விழும்.

அத்தை: இவர் இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில்தான் ஆரம்பிப்பார். சாம்பார் ஆறுகிறது.

மாமா: வருகிறேன். பெரியவளே, தண்ணீர் பழுப்பாகத்தான் வரும். ஒட்டாத சாயம், வருடக்கணக்கான அழுக்கு, சிகரெட் புகை எல்லாம் அதில் இருக்கும். தெளியும்வரை தண்ணீரை மாற்று. ஊற விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதே.

ஞாயிற்றுக்கிழமை

அக்கா: (படம்)

அக்கா: முதல் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் மாதிரி வந்தது. நான்காவது முறை தெளிந்துவிட்டது. இப்போது பை கன்னங்கரேலென்று இருக்கிறது. ஹீட்டர் பக்கத்தில் வைக்கட்டுமா?

மாமா: ஹீட்டரைப் பார்க்கவே விடாதே அதை. துண்டில் சுற்றி அழுத்தி ஈரத்தை எடு, பிழியாதே. உள்ளே பழைய பருத்தித் துண்டோ வெள்ளைத் தாளோ திணித்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவா. செய்தித்தாள் வேண்டாம், ஈரத்தில் மை ஒட்டும். வாரைத் தொங்கவிடாதே, ஈரத் தோல் நீண்டுபோகும். நிழலில் காற்றோட்டமாக வைத்துத் துணியை மாற்றிக்கொண்டே இரு. சாயம் தண்ணீரோடு மேலே வந்து ஓரிடத்தில் சேரக் கூடாது என்றால் மெதுவாகத்தான் காய வேண்டும்.

மாமா: முழுசாக மொறுமொறுவென்று காய்வதற்கு முன், லேசான ஈரம் இருக்கும்போதே தோலை மென்மையாக்கும் லெதர் கண்டிஷனரைத் துணியில் எடுத்து மெல்லிசாகத் தடவு. காய விட்டு இன்னொரு முறை தடவு. அதிகம் போட்டால் பிசுபிசுக்கும். இரண்டு மெல்லிய பூச்சு ஒரு தடித்த பூச்சைவிட நல்லது.

சித்தி: அண்ணா, என் பையையும் பாருங்கள். (படம்) மேலே உரிந்து உரிந்து வருகிறது. கடையில் அசல் லெதர் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

மாமா: உரிந்த இடத்தில் கீழே என்ன தெரிகிறது? துணி நெசவா?

சித்தி: ஆமாம், வலை மாதிரி.

மாமா: அது தோல் இல்லை. துணியின் மேல் பிளாஸ்டிக் பூசியது, நாம் ரெக்சின் என்கிறோமே அந்த வகை. இந்தப் பூச்சு ஈரக் காற்றிலேயே மெல்ல மெல்ல உடைந்து உரியும். க்ரீமாலும் பாலிஷாலும் அதைத் திருப்ப முடியாது. உனக்குச் செலவு வைக்க எனக்கு மனமில்லை. தோல் பொதுவாக அப்படிப் படலமாக உரியாது, வெடிக்கும், தேயும். பழைய பை வாங்கும்போது எல்லாரும் இதை முதலில் பாருங்கள். உரிந்தால் வாங்காதீர்கள். மேல்தோல் ஆழமாக வெடித்திருந்தாலும் வேண்டாம், அந்த வெடிப்பு மறுபடி ஒட்டாது. வறட்சி, அழுக்கு, நாற்றம், கருத்த பித்தளை இதெல்லாம் சரியாகும்.

நான்: எனக்கும் ஒன்று மாமா. பரணில் வைத்திருந்த அம்மாவின் பழைய பையில் வெள்ளைப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. (படம்) பூஞ்சையா?

மாமா: ஹேர் டிரையரை மிதமான சூட்டில், தள்ளிப் பிடித்துக் காட்டு. வெள்ளை மறைந்தால் உள்ளிருந்து கசிந்த கொழுப்பு, துடைத்தால் போதும். மறையாமல் மக்கின வாசனை அடித்தால் பூஞ்சை.

நான்: மறையவில்லை. மழைக்கால அலமாரி வாசனை.

மாமா: சென்னைக் காற்றில் எதிர்பார்த்ததுதான். 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மொட்டை மாடிக்கு எடுத்துப்போ. மூக்கை மூடிக்கொண்டு உலர்ந்த துணியால் துடை, வீட்டுக்குள் தட்டாதே. பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சம அளவு தண்ணீர் கலந்து துணியில் தொட்டு லேசாகத் துடை. அடிப்பக்கம் ஓரிடத்தில் போட்டுப் பார், துணியில் நிறம் வந்தால் நிறுத்திவிடு. நிழலில் நன்றாக உலர்த்து. பெல்ட், ஷூ பக்கத்தில் வைக்காதே, பரவும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதே. பழைய தலையணை உறை போதும், உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடு.

அம்மா: அந்தப் பை என் கல்யாணத்துக்கு அப்பா வாங்கித் தந்தது. ஜாக்கிரதையாகத் துடை.

அத்தை: ஒரு பழைய பைக்கு இவ்வளவு பாடா என்று கேட்டால் இவருக்குக் கோபம் வரும்.

மாமா: கோபம் இல்லை. ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோலுக்காகப் பாலாறு பட்ட பாட்டை நாம் பார்த்தோம். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது. 1996ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தபிறகு கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்ற நெருக்கடி கூடியது. அந்தத் தொழிலில்தான் நம் வீட்டில் சோறு வெந்தது, அதையும் மறக்கவில்லை. ஒரு தோலைப் பதனிட எவ்வளவு தண்ணீர், எத்தனை பேர் கை என்று எனக்குத் தெரியும். அந்தத் தோல் இன்னும் முப்பது வருடம் உழைக்கும் என்றால் அதைக் குப்பையில் போட என் மனம் ஒப்பாது.

புதன்கிழமை

அக்கா: (படம்)
(படம்)

அக்கா: காய்ந்துவிட்டது மாமா. நிறம் திரும்பிவிட்டது, கை வைத்தால் வெண்ணெய்தான். நாற்றம் கொஞ்சம் பாக்கி. மூலைகள் மட்டும் வெளுத்திருக்கின்றன. ஷூ பாலிஷ் போடலாமா?

சித்தி: அடேயப்பா, இதுவா அந்தப் பை!

மாமா: ரொம்ப அழகாக வந்திருக்கிறது. பொறுமையாகச் செய்திருக்கிறாய். ஷூ பாலிஷ் வேண்டாம். பை இடுப்பில் உரசிக்கொண்டே இருக்கும், உன் வெள்ளைக் குர்தாவில் நிறம் ஏறும். அதே நிறத்தில் லெதர் க்ரீம் வாங்கி மூலையில் கொஞ்சமாகத் தேய். வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார், துணியில் எதுவும் வராத வரைக்கும் விடாதே. நாற்றத்துக்கு ஒரு துணி மூட்டையில் கரியோ சமையல் சோடாவோ கட்டிப் பைக்குள் வை. பொடி தோலில் படக் கூடாது.

அக்கா: வார் சேரும் இடத்தில் தையல் கொஞ்சம் விட்டிருக்கிறது. இங்கே ஷூ ரிப்பேர்க் கடையில் மிஷினில் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள்.

மாமா: மிஷின் வேண்டாம் என்று சொல். புதிதாகத் துளை விழுந்தால் பழைய துளையும் புதுத் துளையும் நெருங்கி, பாரம் தாங்கும்போது அந்தக் கோட்டிலேயே கிழியும். பழைய துளைகளிலேயே கையால் தைக்க வேண்டும். மெழுகு நூல், மழுங்கிய முனை உள்ள ஊசி இரண்டு, ஒரே துளையில் இரண்டு பக்கமிருந்தும். விட்ட தையலுக்கு முந்தின இரண்டு துளையிலிருந்தே ஆரம்பிக்கச் சொல். ஒப்புக்கொண்டால் கொடு, இல்லையென்றால் நீயே செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, காட்டித் தருகிறேன்.

அக்கா: நானே செய்கிறேன் மாமா. நூல் எந்தத் தடிமன்?

மாமா: பழைய நூலில் ஒரு துண்டை ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.