புதுப்பிப்பு: தலையில் அடிபட்ட அண்ணன், 7 மாதம் கழித்து

போன முறை எழுதியது இதுதான்: பைக் விபத்தில் அண்ணனுக்குத் தலையில் பலத்த அடி, நினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் கிளாஸ்கோ கோமா அளவில் 15-க்கு 6, பிழைத்து வீடு வந்தவர் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார், என்ன செய்ய? பதில் சொன்ன அத்தனை பேருக்கும் நன்றி.

கோபம் பாதி குறைந்திருக்கிறது. நாங்கள் மாறியதுதான் காரணம் என்று தோன்றுகிறது. மூளையின் முன்பகுதியில் அடிபட்டால் கோபத்துக்கு பிரேக் பிடிக்காது என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் அம்மா "வேணும்னே பண்றான்" என்பதை நிறுத்தினார். இப்போது டிவியை அணைத்துவிட்டு ஒருவர் மட்டும் பேசுகிறோம். "தோசையா, இட்லியா, காபி வேணுமா" என்று அடுக்காமல் ஒரே கேள்வி. பிறகு மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்கிறோம். அந்தப் பத்து எனக்கு இன்னும் கஷ்டம்தான்.

சாயங்காலம் ஆனால் துவண்டுவிடுகிறார், அதனால் பயிற்சியெல்லாம் காலையிலேயே. போன வாரம் சட்டைப் பட்டன் போட 11 நிமிடம். மூன்றாவது பட்டனுக்கு நான் கை நீட்டினேன், தட்டிவிட்டார். தட்டியது வலது கை! இத்தனை நாள் மடியில் சும்மா கிடந்த கை.

வலிப்பு மாத்திரை தொடர்கிறது. பைக் சாவி எங்கே என்று தினமும் கேட்கிறார். அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது, சொல்லவில்லை.

"அண்ணி எப்படி இருக்காங்க?" என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அதை யாருமே கேட்டிருக்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என் பொறுப்பு. அண்ணி அவங்க அம்மா வீட்டுக்குப் போய் நாள் முழுக்கத் தூங்கிவிட்டு வருகிறார்.